நான்காவது லென்ஸ்

மூன்றாவது கேமரா லென்ஸையும் திருப்பிக் கொடுக்க அவர் படியேறி வந்தபோது, லென்ஸ் மெக்கானிக் தலையைத் தூக்காமலே ஆளைக் கண்டுகொண்டாள்.

"வாங்கண்ணே. இதுல எது கோணல்?"

"நடுவுல மங்கலா இருக்கும்மா. ஓரமெல்லாம் சுத்தம். நடு மட்டும் ஆடை படிஞ்ச பால் மாதிரி. தூணைப் பார்த்தா இடுப்புல வளையுது."

"முதல் லென்ஸுக்கும் இதையேதான் சொன்னீங்க. ரெண்டாவதுக்கும் இதையேதான் சொன்னீங்க."

"எல்லாத்தையும் பிரிச்சுப் பூட்டுற கை ஒண்ணுதானே?"

அவள் திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. தூசி வரக்கூடாதென்று ஜன்னல் எப்போதும் சாத்தியிருக்கும். கண்ணாடி அலமாரியில் லென்ஸுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். யாரோ விற்றுவிட்டுப் போன பழைய லென்ஸுகளைப் பிரித்து, பூஞ்சையைத் துடைத்து, உள்ளே இருக்கும் கண்ணாடிகளை நேராக உட்காரவைத்து, தேய்ந்த ரப்பரை மாற்றி, புதியதின் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுப்பாள். பிடிக்காவிட்டால் பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஒரு சீட்டில் 'குறை' என்ற இடத்தில் காரணம் எழுத வேண்டும்.

அவர் மூன்றாவது முறையாக எழுதினார்: நடுவில் மங்கல். கோடு வளைகிறது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றாள் அவள், சீட்டை வாங்கிக்கொண்டே. "கோவிச்சுக்காதீங்கண்ணே. பழமொழி தானா வந்துடுச்சு."

"கோவமில்லம்மா. முப்பத்தொன்பது வருஷம் ஆடினவன் சொல்றேன். கூடம்தான் கோணல்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு எத்தனை நாள் வருத்தப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இருந்தது. ஆனால் தொழிலில் இருப்பவர்களுக்கு அவர் ஒத்தைக்கிளிக். பதினெட்டு வயதில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தவர். ஒரு ஃபிலிம் சுருளில் முப்பத்தாறு படம்தான். முப்பத்தேழாவதுக்கு முதலாளி அடிப்பார். அந்த அடிக்குப் பயந்து வந்த பழக்கம், ஒரு காட்சிக்கு ஒரே ஒரு கிளிக். கண் சிமிட்டியதா, முகம் திரும்பியதா என்ற சந்தேகத்துக்கு இன்னொன்று எடுத்துவைப்பது அவருக்குத் தெரியாது. அந்த ஒன்றுக்காகக் கொக்கு மாதிரி காத்திருப்பார். பெண்ணை அனுப்பிவைக்கும் அப்பன் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைப்பதற்கு ஒரு நொடி முன்னால், அந்த விரல் அழுத்தும். அந்த வட்டாரத்தில் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் அந்த ஒரு நொடி உட்கார்ந்திருக்கிறது.

கேமராக்கள் தாமாகவே ஃபோகஸ் செய்து குறிபார்க்கக் கற்றுக்கொண்ட பிறகும் அவர் அதை நம்பவில்லை. எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும், பக்கவாட்டில் இருக்கும் சின்ன சுவிட்சைக் கைமுறைப் பக்கம் தள்ளிவிட்டு, அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். "எதைப் பார்க்கணும்னு மெஷினே முடிவு பண்ணிட்டா, எனக்கு எதுக்குக் கூலி?" என்பார். இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணைக் கேமராவில் ஒட்டிவைத்து, லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். அப்படி மூடி மூடியே இடது கண்ணோரம் மட்டும் சுருக்கம் விழுந்துவிட்டது. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அப்பாவுக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் வயசாயிடுச்சு," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள்.

அந்த மகளுக்கு இன்னும் இருபத்தாறு நாளில் கல்யாணம்.

பத்து வயதிலேயே அவள் வாக்கு வாங்கியிருந்தாள். "என் கல்யாணப் படம் நீங்கதான்ப்பா எடுக்கணும். வேற ஆளு எடுத்தா நான் கண்ணை மூடிக்குவேன்." விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவர் அதை விளையாட்டாக வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகப் பழைய லென்ஸ் மங்கிக்கொண்டே வந்தது. புதியது வாங்க வழியில்லை. அதனால்தான் இந்தப் படியேற்றம்.

வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. பின்னால் திரை, இரண்டு விளக்கு, ஒரு முக்காலி. மூலையில் கம்ப்யூட்டர். அதன் முன்னால் மனைவி. வேலைக்கு விண்ணப்பம் போடப் படம் எடுத்துக்கொள்ள வந்த பெண்தான் அவள். "கொஞ்சம் தலையை நேரா வைங்க," என்று அவர் நாலு தரம் சொல்ல, "என் தலையே இப்படித்தான்," என்று சொன்னவள். அந்தச் சாய்ந்த தலைக்கு மாலை போட்டு இருபத்தெட்டு வருடமாயிற்று. படங்களைத் தேர்ந்தெடுப்பதும் ஆல்பம் கோப்பதும் அவள் வேலை. கல்யாணங்களுக்குக் கூட வந்து இரண்டாவது கேமரா பிடிப்பவன் அவள் தம்பி.

"மூணாவதையும் குடுத்துட்டேன்," என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நாளன்னிக்கு நாலாவது வருது."

"எதுக்குங்க இன்னொண்ணு? இருக்கறதே போதும்."

"யாருக்குப் போதும்? என் மங்கல் படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல தேய்ச்சுத் தேய்ச்சு நீ கண்ணு பூத்துப் போற. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நல்ல லென்ஸ் வந்தா உனக்குப் பாதி வேலை மிச்சம்."

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லைங்க," என்றாள்.

அந்தப் பேச்சில் மைத்துனன் நுழைந்தான். "மாமா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு நீங்க பொண்ணோட அப்பா. மேடையில நிக்க வேண்டியவர். குனிஞ்சு நிமிந்து ஓடிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? படத்தை நான் பாத்துக்கறேன்."

"நீ எப்பவும் பாத்துக்கிட்டேதான் மச்சான் இருக்கே. என் தோளுக்குப் பின்னாடி நின்னு. இந்தக் கிழவன் எப்ப விழுவான், எப்ப முன்னாடி வரலாம்னு."

"மாமா..."

"நான் ஒண்ணு அழுத்தினா, பின்னாடியே ஒண்ணு அழுத்துறே. என் கிளிக்குக்கு வால் முளைச்ச மாதிரி. கல்யாண வீட்டுல கேட்டுச் சிரிக்கறாங்க."

அவரும் முன்பு சிரித்தவர்தான். போன வருடம்வரை அதை ஒரு வேடிக்கையாகவே சொல்வார். இப்போது அந்த வாலில் விஷம் வைத்துப் பேசினார். மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா பார்க்கவில்லை. அவன் கேமராப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"அப்பா, மாமாவை அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"நீ உன் வேலையைப் பாரும்மா. உனக்கு நான் எடுத்துத் தர்றேன்."

இரண்டு நாள் கழித்து அவர் மீண்டும் படியேறினார். நான்காவது லென்ஸ் மேசைமேல் வெள்ளைத் துணியில் காத்திருந்தது. இரண்டு நாளும் உட்கார்ந்து அவளே பூட்டியது. "இதுக்கு மேல சுத்தமா வேணும்னா கடவுள்தான் செஞ்சு தரணும்," என்றாள்.

அவர் சுவிட்சைத் தள்ளி டேப்பை ஒட்டினார். எதிர்ச் சுவரில் அவள் லென்ஸுகளைச் சோதிக்கும் பெரிய தாள் இருந்தது. வெள்ளைத் தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடுகள், சின்னச் சின்னக் கட்டங்களாக. கேமராவை உயர்த்தினார். இடது கண்ணை மூடினார். வளையத்தைத் திருப்பினார், இன்னும் திருப்பினார், திரும்பக் கொண்டுவந்தார்.

"என்னண்ணே?"

"அதேதாம்மா. நடுக் கட்டமெல்லாம் நசுங்கிக் கிடக்கு. கோடு நெளியுது."

"அழுத்துங்க. ஒரு படம் எடுங்க."

அவர் எடுத்தார். அவள் கேமராவை வாங்கி, எடுத்த படத்தைச் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். அவரிடமும் காட்டினாள். படம் மங்கல்தான். குறி தவறியிருந்தது. ஆனால் கோடுகள் அத்தனையும் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தன.

"கோடு வளையலையேண்ணே. லென்ஸ் வளைச்சிருந்தா படத்துலயும் வளைஞ்சுதானே இருக்கணும்."

அவள் டேப்பை உரித்தாள். சுவிட்சை மாற்றிவிட்டு, அதே இடத்தில் நின்று தானும் ஒன்று எடுத்தாள். தாளில் ஒட்டியிருந்த ஒரு ஈயின் கால்கூடத் தெரிந்தது.

அவள் குரல் இறங்கியது. "அண்ணே, கேமராவைக் கீழ வைங்க. சும்மாவே, வழக்கம்போல இடது கண்ணை மூடிக்கிட்டு சுவரைப் பாருங்க."

அவர் பார்த்தார்.

கேமரா இல்லை. லென்ஸ் இல்லை. வெறும் காற்றுக்கு நடுவே கட்டங்கள் நசுங்கிக் கிடந்தன. நட்டநடுவில் ஒரு சாம்பல் கறை. கண்ணை மாற்றி மூடினார். இடது கண்ணுக்கு எல்லாம் நேராக, சுத்தமாக, கழுவிவிட்டது போல இருந்தது. மறுபடி வலது கண். கறை.

"லென்ஸ் நாலுண்ணே," என்றாள் அவள் மெதுவாக. "வளைவு ஒண்ணுதான்."

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்டதை மூடி மறைத்துவிடும். சோறு சாப்பிட, சாலை கடக்க, பேப்பர் படிக்க ஒரு குறையும் இருக்காது. நல்ல கண்ணை மூடிக்கொண்டு கெட்ட கண்ணால் மட்டும் உலகத்தைப் பார்ப்பது அவர் தொழில் செய்யும்போது மட்டும்தான். அப்போது மங்கினால் மனுஷன் எதைச் சந்தேகப்படுவான்? கையில் இருப்பதைத்தானே? வேறு எந்தத் தொழில்காரனும் இப்படி ஏமாந்திருக்க மாட்டான்.

ஆனால் அவர் ஒரு துரும்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஆல்பம்? போன மாசம் பல் டாக்டர் வீட்டு ஆல்பம் என் கையாலதான் குடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சேம்மா. கம்ப்யூட்டர்ல என் சம்சாரம் சரி பண்ணிடுறா."

மெக்கானிக் துணியை மடித்து மடித்து வைத்தாள். குறி தவறிய முகத்துக்கு எந்தக் கம்ப்யூட்டரும் இமைமயிரைத் திருப்பித் தராது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "முதல்ல டாக்டரைப் பாருங்கண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா கையகல அட்டை ஒன்றை நீட்டினாள். அதிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள்.

"இதே படத்தை நேத்து ஒரு மாடியில சுவர்ல பார்த்தேன்," என்றார் அவர்.

அவளுக்குப் புரியவில்லை. சொட்டு மருந்து விட்டு, உட்காரவைத்து, விழிக்குள் படம் பிடித்தாள். அவர் எடுத்த படங்களின் எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. அவரை உள்ளே புகுந்து எடுத்த முதல் படம் இதுதான். விழித்திரையின் நடுவில் வடு என்றாள்.

"எப்பலேருந்து மங்கலா இருக்கு?"

"ஒரு வருஷம். கொஞ்சம் கூட இருக்கும்."

"அப்பவே வந்திருந்தா ஊசி போட்டு அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இப்ப அது ஆறிப்போன வடு. வடுவுக்கு மருந்து இல்லைங்க. யாருமே கவனிக்கலையா?"

அந்தக் கடைசிக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவர் வீட்டுக்கு நடந்தார்.

மனைவி அடுப்படியில் இருந்தாள். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்காருவதே இல்லை. எடுப்பது என் வேலை, அடுக்குவது உன் வேலை என்று பிரித்துக்கொண்ட குடும்பம். இரண்டு கேமராக்களின் படங்களும் கலந்துவிடக் கூடாதென்று, அவருடைய கேமரா ஒவ்வொரு படத்துக்கும் 'ஏ' என்ற எழுத்தை முன்னால் போடும். மைத்துனனுடையது 'பி' போடும். பல் டாக்டர் வீட்டு ஆல்பத்தைத் திறந்தார். இருநூற்றுப் பத்துப் படம். அத்தனையும் பி.

அதற்கு முந்தைய கல்யாணம். பி. அதற்கு முந்தைய பள்ளிக்கூட விழா. பி. பெண்ணின் அப்பன் கண்ணைத் துடைக்கப்போகும் நொடி ஒன்று இருந்தது. நன்றாக நினைவிருந்தது, அவர் காத்திருந்து அழுத்திய நொடி. அதே கோணம், ஒரு சாண் பின்னாலிருந்து. பி.

கைக்கரண்டியோடு வந்த மனைவி கதவருகே நின்றுவிட்டாள்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார்.

"போன வருஷம் மழைக்கு முன்னாடி."

"பதினாலு மாசம்."

"ஆமா."

"நான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி அதுதானே? படம் எப்படி வந்திருக்குன்னு. நல்லா வந்திருக்குன்னு சொன்னே."

"கை நடுங்குதுன்னு நினைச்சோம்ங்க. வயசாகுதுன்னு. தம்பிதான் சொன்னான், மாமாவுக்குத் தெரிய வேணாம்க்கா, நான் பின்னாடி நின்னு எல்லாத்தையும் எடுத்துடறேன்னு." அவள் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "எங்கப்பாவுக்குக் கை நடுங்கினப்ப அண்ணனுங்க தையல் மெஷினை விட்டு எழுப்பினாங்க. நீங்க பாத்தீங்களே. ஆறே மாசம். சுவரைப் பார்த்துக்கிட்டே செத்தாரு. உங்களையும் நான் எழுப்பிவிடணுமா?"

"கை இல்ல. கண்ணு." அவர் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "நடுவுல வடு. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாமாம். யாருமே கவனிக்கலையான்னு டாக்டரம்மா கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரு கவனிச்சாங்க, ரொம்ப நல்லவங்கன்னு சொல்லவா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை உடனே வரவில்லை. அது வந்தபோது சத்தமில்லாமல் வந்தது. அவர் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருடத்தில் அவள் அழுது அவர் தொடாமல் இருந்ததில்லை. அன்று நாற்காலியிலேயே இருந்தார். அன்பு செய்த தவறை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? திட்டவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உப்பைத் தின்றது ஒருவர், நாக்கு வறண்டது இன்னொருவருக்கு.

சாயங்காலம் மைத்துனன் வந்து வாசலிலேயே நின்றான். "மாமா, அடிக்கறதுன்னா அடிச்சிடுங்க," என்றான்.

"உன்னை அடிச்சா உன் கை நடுங்கும். கல்யாணத்துக்கு அந்தக் கை வேணும்," என்றார் அவர்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் நான்காவது லென்ஸை வாங்கினார்.

மெக்கானிக் தயங்கினாள். "இப்ப எதுக்குண்ணே? பதினஞ்சு நாள் கணக்கெல்லாம் உங்களுக்கு வேணாம். எப்ப வேணா குடுங்க, நான் எடுத்துக்கறேன்."

"குறை இல்லாத பொருளை எதுக்கும்மா திருப்பித் தரணும்? மூணு நல்ல லென்ஸ் மேல பழி போட்டேன். ஒண்ணையாவது வாங்கிக்கறேன்." பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கினார். மூன்றிலும் தான் எழுதியதை அடித்துவிட்டு, இல்லை என்று எழுதினார். "அன்னிக்கு நீ சொன்ன பழமொழி சரிதான்," என்றார். அவள் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று அவர் மேடையில் நின்றார். புதுச் சட்டை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், மார்பில் தொங்காத கேமராவை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார். கீழே, நான்காவது லென்ஸ் மாட்டிய அவர் கேமராவைக் கழுத்திலும் தன் கேமராவைத் தோளிலும் போட்டுக்கொண்டு மைத்துனன் ஓடிக்கொண்டிருந்தான். மனைவி பக்கத்தில் நின்றாள். அன்றைக்குப் பிறகு அவர்கள் வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து கார் வாசலுக்கு வந்தபோது மகள் நின்றாள்.

"அப்பா. ஒண்ணே ஒண்ணு. நீங்க எடுங்க."

அவர் வேண்டாமென்று தலையசைத்தார். மகள் அவர் கையை விடவில்லை. "லென்ஸ் தானாவே பாத்துக்குமாம்ப்பா. மாமா சொன்னாரு. நீங்க அழுத்தினாப் போதும்."

மைத்துனன் கேமராவைக் கழற்றிக் கொடுத்தான். லென்ஸில் டேப் இல்லை. சுவிட்ச் இருக்க வேண்டிய பக்கம் இருந்தது. அவர் நாலடி பின்னால் போனார். வலது கண்ணை மூடினார். அந்தக் கண்ணுக்கு மூடிப் பழக்கமில்லை, இமை துடித்தது. இடது கண்ணைக் கொண்டுபோய் வைத்தார். மூக்கு கேமராவின் முதுகில் இடித்தது. உள்ளே மகள் நின்றாள். சாய்ந்த தலை, அம்மாவைப்போல. சுத்தமாக, கழுவிவிட்டது போலத் தெரிந்தாள். முப்பத்தொன்பது வருடம் மூடியே வைத்திருந்த கண் அது.

காத்திருந்தார். அவள் சிரித்தாள், அது இல்லை. உதடு கோணியது, அதுவும் இல்லை. பிறகு அவள் முகத்தில், அழுகைக்கு ஒரு நொடி முன்னால் வரும் அது வந்தது.

அழுத்தினார். ஒரே ஒரு தரம்.

அவர் தோளுக்குப் பின்னால், அரை மூச்சு தள்ளி, இன்னொரு கிளிக் கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மைத்துனன் கையில் இருந்தது அவனுடைய சொந்தக் கேமராவாக இருக்கும். பழக்கத்தில் செய்தானோ, பயத்தில் செய்தானோ. கேமராவை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவர் காரின் கதவைத் திறந்துவிட்டார். மகள் ஏறிக்கொண்டாள்.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. துல்லியமான படம். பார்த்தவர்களெல்லாம், "ஒத்தைக்கிளிக் கை தனிதான்," என்கிறார்கள். ஏ எழுத்தா, பி எழுத்தா என்று கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் இன்றுவரை திறக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை, மனைவி சொல்லவும் இல்லை.